மேப்பிள் மரத்தை மொட்டையடிக்க விடாதீர்கள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் ஒரு சில்வர் மேப்பிள் நிற்கிறது. கூரையைத் தாண்டி வளர்ந்த பெரிய மரம். கூரைப் பக்கம் நீண்டிருந்த காய்ந்த கொப்புகளை மட்டும் எடுத்துவிடச் சொல்லி, தெரிந்தவர்கள் வழியாக வந்த ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் மரத்துக்குத் தலையே இல்லை. 20 சென்ரிமீற்றர் பருமனான கொப்புகள்கூட ஒரே உயரத்தில் குறுக்காக அறுபட்டு மொட்டையாக நின்றன. "அக்கா, இனிப் பத்து வருசத்துக்குக் காத்துக்குப் பயப்பிடத் தேவையில்லை" என்று சொல்லி 900 டொலரைக் காசாக வாங்கிக்கொண்டு போனார்கள். பற்றுச்சீட்டும் இல்லை. அதைச் சரிக்கட்ட இதுவரை 4,000 டொலருக்கு மேல் போய்விட்டது. யாரைக் கேட்பதென்று தெரியாமல் தனியாக அலைந்தேன். கேட்டவர்கள் எல்லாரும் "திரும்பத் தளைக்கும்தானே" என்றார்கள். தளைக்கத்தான் செய்தது. அந்தத் தளிர்தான் ஆபத்து என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. மேப்பிள் நிற்கும் வீடு உங்களுடையது என்றால், ஆளைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

உச்சியை வெட்டும்போது மரத்துக்கு என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். மரத்துக்குச் சாப்பாடு இலையிலிருந்துதான் வருகிறது. முக்கால்வாசி இலை ஒரே நாளில் போனதும், வேரிலும் அடிமரத்திலும் சேர்த்து வைத்த மாச்சத்தை எடுத்து, பட்டைக்கு அடியில் உறங்கிக் கிடந்த மொட்டுகளை மரம் எழுப்பும். வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக நெட்டைத் தளிர்கள் கிளம்பும். ஒரே கோடையில் ஒன்றரை, இரண்டு மீற்றர் ஓடும். பார்ப்பதற்கு மரம் பிழைத்துவிட்டது போல் இருக்கும். ஆனால் இயல்பாக வளர்ந்த கொப்பு, அடிமரத்தின் வளையங்களோடு ஆண்டுக்கு ஆண்டு பின்னி ஆழமாகப் பிடித்திருக்கும். இந்தத் தளிருக்கு அந்தப் பிடி இல்லை, வெளி வளையத்தில் மட்டும் ஒட்டியிருக்கும். அதே நேரம் வெட்டுவாய் வழியாக உக்கல் உள்ளே இறங்கும். மேலே தளிர் பருத்துக் கனம் ஏற ஏற, அது ஊன்றி நிற்கும் இடம் கீழே உக்கிக்கொண்டு போகும். சில வருடங்களில் பழைய உயரமும் திரும்பிவிடும். 2013 டிசம்பரில் வந்த உறைபனி மழையில் ரொறன்ரோ மரங்கள் முறிந்து விழுந்ததைப் பார்த்தவர்களுக்குப் பெரிய மரம் என்றாலே பயம். அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த வேலை விற்கப்படுகிறது. உண்மையில் பனிக்கட்டி ஏறும்போது முதலில் பிய்ந்து வருவது இப்படி ஒட்டிக்கொண்டு நிற்கும் கொப்புதான்.

நம்மவர்களுக்கு இது உடனே உறைக்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஊரில் கிளுவைக் கதியாலையும் பூவரசையும் வருடா வருடம் மொட்டையாக வெட்டி ஆட்டுக்குக் குழை போட்டுப் பழகியவர்கள் நாங்கள். முருங்கையையும் அப்படித்தான் வெட்டுவோம். அவை தளைக்கும், ஒன்றும் ஆகாது. அங்கே மரம் இளசாக இருக்கும்போதே வெட்டத் தொடங்கி, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வெட்டுவோம். வெட்டுவாய் சின்னது, தளிரும் கனக்க முன்னமே வெட்டுப்பட்டுவிடும். முறிந்தாலும் வேலிக்குள்தான் விழும். ஐம்பது வருட மேப்பிளின் 20 சென்ரிமீற்றர் கொப்பை நடுவில் அறுப்பது வேறு விசயம். அந்தப் புண்ணை மரம் மூடி முடிப்பதற்குள் உக்கல் முந்திவிடும். அதிலும் சில்வர் மேப்பிள் வேகமாக வளரும் மென்மையான மரம், உக்கலைத் தடுத்து நிறுத்தும் பலம் அதற்குக் குறைவு. இந்த இனத்தில் 10 சென்ரிமீற்றருக்கு மேல் பருமனான உயிருள்ள கொப்பைத் தேவையில்லாமல் தொடவே கூடாது.

அடுத்த வசந்தத்தில் சிட்டியிலிருந்து, அதாவது மாநகர சபையிலிருந்து, கடிதம் வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. ரொறன்ரோவில் தனியார் காணியில் நிற்கும் மரமானாலும், தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால், அதை வெட்டவோ காயப்படுத்தவோ பெர்மிட் வேண்டும். விட்டத்தை அளக்கத் தெரியாவிட்டால் தையல் அளவுநாடாவை மரத்தைச் சுற்றிப் பிடியுங்கள். சுற்றளவு 94 சென்ரிமீற்றரைத் தாண்டினால் உங்கள் மரம் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. முறைப்படி கொப்புகளைத் திருத்தும் கவ்வாத்துக்குப் பெர்மிட் தேவையில்லை. உச்சியை மொட்டையடிப்பது கவ்வாத்தில் சேராது, காயப்படுத்துவதில்தான் சேரும். தண்டம் ஒரு மரத்துக்கு 500 டொலரில் தொடங்கி 100,000 டொலர் வரை போகலாம். வெட்டியவர்களைத் தேடினால் தொலைபேசி எடுபடாது. சிட்டி கேட்பது காணிக்காரரைத்தான். காய்ந்த கொப்புகளை மட்டும் எடுக்கச் சொல்லி நான் அனுப்பிய குறுஞ்செய்தி கையில் இருந்ததால் தண்டம் இல்லாமல் தப்பினேன். ஆய்வுக் கட்டணமும் ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பு நிபுணர்) அறிக்கைக்கான காசும் என் தலையில்தான் விழுந்தன. வாயால் பேசி முடித்திருந்தால் காட்ட ஒன்றும் இருந்திருக்காது.

வேறு இரண்டு சட்ட விசயங்களும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு முன்னால் வீதியோரமாக நிற்கும் மரம் பெரும்பாலும் சிட்டியுடையது. அதில் ஒரு சுள்ளியைக்கூட நீங்கள் வெட்ட முடியாது, சிட்டியின் 311 தொலைபேசி எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். அடிமரம் எல்லைக் கோட்டில் நிற்கிறது என்றால், ஒன்ராறியோ வனச் சட்டப்படி அது இரண்டு வீட்டாருக்கும் பொதுச் சொத்து. பக்கத்து வீட்டாரின் சம்மதம் இல்லாமல் கை வைத்தால் குற்றம்.

ஆளைப் பிடிக்கும்போது என்ன பார்ப்பது? ஐ.எஸ்.ஏ. (மரப் பராமரிப்பு நிபுணர்களின் சர்வதேசச் சங்கம்) தரும் சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் சரிபார்க்கலாம். பொறுப்புக் காப்புறுதிப் பத்திரத்தையும், வேலையாட்களுக்கான டபிள்யூ.எஸ்.ஐ.பி. (ஒன்ராறியோவின் வேலையிட விபத்துக் காப்புறுதி) பத்திரத்தையும் கண்ணால் பாருங்கள். உங்கள் வளவில் ஒருவர் மரத்திலிருந்து விழுந்தால் அந்தப் பத்திரம்தான் உங்களைக் காப்பாற்றும். எந்தக் கொப்பு, எந்த இடத்தில் வெட்டுவது, மொத்த இலைப்பரப்பில் எத்தனை வீதம் எடுப்பது என்று எழுத்தில் வாங்குங்கள். வளர்ந்த மரத்தில் ஒரு வருடத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்கவே கூடாது. வயதான மரத்தில் பத்து வீதமே போதும். காலில் இரும்பு முள் கட்டி ஏறுகிறவர்கள் வந்தால் திருப்பி அனுப்புங்கள். அந்த முள் குத்தும் ஒவ்வொரு இடமும் உயிருள்ள பட்டையில் ஒரு புண். வெட்டி விழுத்தப் போகும் மரத்தில்தான் அதைப் பாவிப்பார்கள். "உயரத்தைக் குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது தானாகச் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். உயரத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கும் முறை இருக்கிறது. நீண்ட கொப்பை நடுவில் அறுக்காமல், அதிலிருந்து பிரியும் ஒரு பக்கக் கொப்பு வரை பின்வாங்கி வெட்ட வேண்டும். அந்தப் பக்கக் கொப்பின் பருமன், வெட்டப்படும் கொப்பின் பருமனில் மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதைவிடச் சின்னதென்றால் புதுத் தலையாகப் பொறுப்பெடுக்க அதனால் முடியாது.

அறிக்கை எழுத வந்த ஆர்பரிஸ்ட் காட்டிய விசயங்களில் கிளைக் கழுத்து முக்கியம். கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில், சற்றுப் புடைத்து வளையம் போல ஒரு பகுதி இருக்கும். மேல்பக்கம், கவட்டில், பட்டை சுருங்கி ஒரு வரம்பாக எழுந்து நிற்கும். புண்ணை மூடும் தசை அந்தப் புடைப்பில் இருந்துதான் வருகிறது. அதைச் சீவி அடிமரத்தோடு மட்டமாக வெட்டினால் புண் பெரிதாகிவிடும், மூடவும் மாட்டாது. கழுத்திலிருந்து நீளமாக ஒரு கட்டையை மிச்சம் விட்டு வெட்டினால் அந்தக் கட்டை காய்ந்து உக்கலுக்கு வழி திறக்கும். கழுத்துக்குச் சற்று வெளியே வெட்டுவதுதான் சரி. சரியாக வெட்டியிருந்தால் அடுத்த வருடம் புண்ணைச் சுற்றி முழு வளையமாகத் தசை உருண்டு வரும். மேலும் கீழும் இல்லாமல் இரண்டு பக்கத்தில் மட்டும் வந்தால் கழுத்தில் கத்தி பட்டிருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்னது இது: மரத்தில் புண் நம் உடம்பில் போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் சுவர் கட்டி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது. அதனால்தான் வெட்டுவாயில் தார், பெயின்ற் பூசுவதில் பயன் இல்லை. ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுதான் மிச்சம். கடையில் அந்தப் போத்தலை இன்னமும் விற்கிறார்கள், வாங்காதீர்கள்.

கைப்பிடியளவுக் கொப்பையும் ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. பாதி அறுபட்டதும் கொப்பு தன் பாரத்தில் சாய்ந்து, அடிமரப் பட்டையை நாராக உரித்துக்கொண்டு போகும். மூன்று வெட்டுத் தேவை. முதல் வெட்டு அடிமரத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி, கீழிருந்து மேலாக, பருமனில் மூன்றில் ஒன்று வரை. வாள் இறுகிக்கொள்ளும் வரை அறுக்காதீர்கள். இரண்டாவது அதற்கு மூன்று, நான்கு சென்ரிமீற்றர் வெளியே, மேலிருந்து கீழாக. கொப்பு விழுந்து, கனமில்லாத ஒரு கட்டை மிஞ்சும். மூன்றாவது வெட்டில் அந்தக் கட்டையைக் கழுத்துக்கு வெளியே, ஒரு கையால் தாங்கிக்கொண்டு மெதுவாக எடுக்க வேண்டும். நிலத்தில் நின்று செய்யக்கூடியதை மட்டும் நீங்களே செய்யுங்கள். ஏணியில் நின்று செயின்சோ (சங்கிலி வாள்) பிடிப்பது உயிரோடு விளையாடுவது. மின்கம்பியிலிருந்து 3 மீற்றருக்குள் இருக்கும் கொப்பை எந்தக் காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் மேப்பிள் மற்றப் பல மரங்களிலிருந்து வேறுபடுகிறது. பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில், மேப்பிளின் சாறு அழுத்தத்தோடு ஓடும். பாகு காய்ச்சுவதற்கு மரத்தில் துளை போடுவதும் அப்போதுதான். அந்த வேளையில் வெட்டினால் வெட்டுவாய் கிழமைக் கணக்கில் சொட்டும். மரம் செத்துப்போகாது, ஆனால் பட்டை நனைந்தே கிடக்கும், எறும்பு மொய்க்கும், வீணான பதற்றம். இலை முற்றித் தடித்த பிறகு, ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முடிவு வரை வெட்டுவதே நல்லது. சாறு வடியாது, புண்ணை மூடும் வேலையும் உடனே தொடங்கும், நெட்டைத் தளிரும் குறைவாக வரும். ஓகஸ்ட் நடுவுக்குப் பிறகு வெட்டாதீர்கள். அப்போது வரும் இளந்தளிர் முற்றுவதற்குள் பனி வந்துவிடும். ஒரேயொரு சிக்கல், ஜூலையில் இலை மறைப்பதால் கொப்புகள் எப்படிப் பிரிகின்றன என்பது தெரியாது. நவம்பரில் இலை கொட்டியதும் மரத்தைச் சுற்றி நடந்து, எடுக்க வேண்டிய கொப்பில் கலர் நாடா கட்டி வையுங்கள். வெட்டுவது அடுத்த ஜூலையில்.

மொட்டையடிக்கப்பட்ட மரத்தை மீட்க முடியுமா என்றால், முடியும், பொறுமையும் காசும் இருந்தால். கொத்துத் தளிரைக் கண்டதும் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளத்தான் கை வரும். அப்படிச் செய்தால் பட்டினி கிடக்கும் மரத்தின் வாயிலிருந்து திரும்பவும் சாப்பாட்டைப் பறித்த மாதிரி. முதல் இரண்டு கோடைக்கு ஒன்றையும் தொடக் கூடாது. உரமும் போடக் கூடாது, தழைச்சத்து இன்னும் தளிரைத்தான் கிளப்பும். மரத்தடியில் 5 முதல் 10 சென்ரிமீற்றர் தடிப்பில் மரச் சீவலைப் பரப்பி, மழை இல்லாத கிழமைகளில் ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். சீவல் அடிமரத்தைத் தொடக் கூடாது. பிறகு ஒவ்வொரு மொட்டை முனையிலும் பலமாகப் பிடித்த, வெளிப்பக்கம் பார்த்து நிற்கும் ஒன்றிரண்டு தளிரைத் தெரிந்து விட்டுவைப்பது. மிச்சத்தில் பாதியை அடியோடு எடுப்பது, மறுபாதியைக் குட்டையாக்கி விடுவது. குட்டையாக்கியவை இலை தரும், ஆனால் தெரிந்தெடுத்ததோடு போட்டி போடாது. அடுத்த சுற்றில் அவையும் போகும். இரண்டு சுற்றுக்கு எனக்கு 2,600 டொலர் ஆனது. இன்னொரு சுற்று இருக்கிறது. வீட்டுப் பக்கம் நிற்கும் இரண்டு முனைகளில் உக்கல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வருடா வருடம் பார்க்கவும் வேண்டும். காற்று அடிக்கும் இரவுகளில் பின்னறையில் பிள்ளைகளைப் படுக்க விடுவதில்லை.

மறுமூலையில் ஒரு சிவப்பு மேப்பிள் கன்று நட்டேன். அதை வளர்க்கும்போதுதான், பெரிய மரத்தில் ஆயிரம் டொலர் கேட்கும் வேலை கன்றில் ஒரு கத்தரியோடு முடியும் என்பது புரிந்தது. மேப்பிளுக்கு மொட்டுகள் ஒரே கணுவில் எதிரெதிராக, சோடியாக வரும். நுனி மொட்டு பனியில் கருகினாலோ வெட்டுப்பட்டாலோ, அடுத்த சோடி இரண்டும் ஒரே பலத்தோடு கிளம்பி மரத்துக்கு இரண்டு தலை உண்டாகும். அந்தக் கவட்டை உற்றுப் பாருங்கள். பட்டை வரம்பாக வெளியே எழுந்து நின்றால் பலமான கவடு. பட்டை உள்ளே மடிந்து, கோடு போலப் பள்ளமாகத் தெரிந்தால், இரண்டு கொப்புக்கும் நடுவில் மரமே இல்லை, பட்டைதான் இருக்கிறது. இருபது வருடம் கழித்துக் காற்றில் இரண்டாகப் பிளப்பது அந்த இடத்தில்தான். கன்றாக இருக்கும்போது இரண்டில் ஒன்றைத் தலைவனாக்கி, மற்றதை மூன்றில் ஒன்றோ பாதியோ குறைத்துவிட்டால் அது பின்தங்கும். இரண்டு மூன்று வருடத்தில் அடங்கிவிடும், அல்லது அப்போது முழுதாக எடுத்துவிடலாம். சின்னக் கொப்பை மொட்டுச் சோடிக்கு மேலே வெட்டும்போது சரிவாக வெட்டாமல் நேராக, மொட்டுக்கு அரைச் சென்ரிமீற்றர் மேலே வெட்டுங்கள். சரித்து வெட்டினால் சோடியில் ஒன்று காயப்படும். பிறகு உள்பக்கம் பார்க்கும் மொட்டைப் பெருவிரலால் தேய்த்து உதிர்த்துவிட்டால், வெளிப்பக்க மொட்டு மட்டும் நீங்கள் நினைத்த திசையில் போகும்.

நட்ட வருடத்தில் முறிந்ததையும் காய்ந்ததையும் தவிர ஒன்றையும் எடுக்காதீர்கள், வேர் பிடிக்க இலை வேண்டும். கீழ்க்கொப்புகளை அவசரப்பட்டுச் சீவி எடுக்கவும் வேண்டாம். அவைதான் அடிமரத்தைப் பருக்க வைக்கும். மொத்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்காவது இலை இருக்கட்டும். நடும்போது வேரையும் பாருங்கள். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிய வேரை அப்போதே வெட்டாவிட்டால், பின்னாளில் அது அடிமரத்தை நெரிக்கும். நார்வே மேப்பிளில் இது மிக அதிகம். மரம் தரையில் அகன்று இறங்காமல் ஒரு பக்கம் தட்டையாக, கம்பம் போல் மண்ணுக்குள் போனால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

வீட்டு முன்னால் நிற்கும் யப்பானிய மேப்பிளுக்கு வேறு கை வேண்டும். பிளட்குட் போல நிமிர்ந்து வளர்வதும், கிரிம்ஸன் குயீன் போல நுணுக்க இலையோடு தொங்கி வளர்வதும் இங்கே நிறைய வீடுகளில் இருக்கின்றன. வேலி வெட்டும் மெஷினால் உருண்டையாகச் சீவினால் வெளியே இலைக் கூடும் உள்ளே காய்ந்த சுள்ளியும்தான் மிஞ்சும். கீழே குனிந்து உள்ளே பார்த்து, உள்ளிருந்து தொடங்க வேண்டும். முதலில் சாம்பல் நிறமாகக் காய்ந்ததை எடுக்கலாம். ஆனால் குளிரில் வாடிய சுள்ளியை மே நடுப்பகுதிக்கு முன் வெட்டாதீர்கள். நகத்தால் சுரண்டினால் பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் அது உயிரோடு இருக்கிறது. பிறகு ஒன்றையொன்று உரசுவதில் பலவீனமானதை, பிறகு ஒரே இடத்தில் அடுக்காகக் குவிந்ததில் ஒன்றை. ஒரு கொப்பை எடுத்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னே போய்ப் பார்த்துத்தான் அடுத்தது. ஒரு கோடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இந்த மரம் ஒட்டுக் கட்டியது. ஒட்டுக்குக் கீழேயிருந்து பச்சை இலையோடு வேகமாக ஒரு தளிர் வந்தால், அது அடிக்கன்றுடையது. விட்டால் மேல்மரத்தை அமுக்கிவிடும், கண்டதும் அடியோடு எடுத்துவிடுங்கள்.

கத்தரியில் இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகையை வாங்குங்கள். தட்டையான தகட்டில் அழுத்தி வெட்டும் வகை இளங்கொப்பை நசுக்கிவிடும். 2 சென்ரிமீற்றர் வரை கைக்கத்தரி, 4 வரை நீளக் கைப்பிடிக் கத்தரி, அதற்கு மேல் இழுத்து அறுக்கும் மடக்கு வாள். வெட்டுவாயில் மரம் ஒலிவ் பச்சையாகக் கோடு கோடாகத் தெரிந்து, ஒரு பக்கக் கொப்புகள் மட்டும் கோடையில் வாடினால் வேர்டிசிலியம் வாடல் என்று சந்தேகப்பட வேண்டும். மண்ணில் இருக்கும் பூஞ்சணம் அது. அடுத்த மரத்துக்குப் போக முன் அலகை 70 வீத அல்ககோலால் துடையுங்கள். இலையில் தார் தெறித்த மாதிரிக் கறுப்புப் பொட்டுகள் வருவதைப் பார்த்துப் பயந்து கொப்பை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நார்வே மேப்பிளில் அது சாதாரணம், மரத்துக்குப் பெரிய கெடுதி இல்லை. இலையுதிர் காலத்தில் விழுந்த இலையைக் கூட்டிக் கடதாசிப் பையில் கட்டி வைத்தால் சிட்டி எடுத்துப் போகும், அடுத்த வருடம் பொட்டு குறையும்.